லூஷான் அடிவாரத்தில் மாமியாரின் வேண்டுதல்

சீனாவில் லூஷான் மலையடிவாரத்தில் இருக்கும் தோங்லின் கோயிலுக்குப் போய் அமிதாப புத்தரை விழுந்து வணங்கவேண்டும் என்று மாமனாரும் மாமியாரும் சேர்ந்து நேர்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போனதில் மாமனார் முந்திக்கொண்டார். அதன் பிறகு மாமியார் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. காலையும் மாலையும் மாமனார் படத்தைப் பார்த்தபடி நாம ஜெபம் செய்வார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பினாங்கிலிருந்து டிக்கெட் எடுத்தோம். அந்தச் சீனக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன தமிழ்ப் பெண்ணான என்னை மகளாகவே வைத்திருப்பவர் அவர். இதைக்கூட அவருக்குச் செய்யாவிட்டால் எப்படி?

ஜியுஜியாங்கில் ரயிலை விட்டு இறங்கியதுமே டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கோயிலை நெருங்கினால் ஊதுவத்தி விற்பவர்களும் கைரேகை பார்ப்பவர்களும். இந்தப் பெரிய வத்தியை ஏற்றினால்தான் பலன் என்று ஒருவர் மாமியாரின் கையைப் பிடித்தே இழுத்துவிட்டார். முட்டிவலியோடு மழையில் நிற்கும் வயதானவரிடம் இப்படியா நடந்துகொள்வது! விடுமுறை நாள் வேறு. சன்னதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைபேசியில் படம் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்து மனம் கொதித்தது.

கோயிலுக்கு முன்னால் இருக்கும் புலி ஓடைப் பாலத்தில் கால் வைத்ததும் கொதிப்பு அடங்கிவிட்டது. இந்தக் கோயிலில் வாழ்ந்த பௌத்தத் துறவி, ஆசாரியர் ஹுய்யுவான் நடந்த இடமல்லவா! 30 வருடங்களுக்கு மேல் இந்த மலையை விட்டு வெளியே போகாதவர். எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் இந்த ஓடை வரைதான் வழியனுப்புவார். ஒருமுறை கவிஞர் தாவ் யுவான்மிங்கோடும் தாவோ சமயத் துறவி ஒருவரோடும் பேசிக்கொண்டே ஓடையைத் தாண்டிவிட, மலையில் புலி உறுமியதாம். மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்களாம். காலக்கணக்குப் பார்த்தால் ஒத்துவராத கதை என்பார்கள். சொன்னால் சொல்லட்டும், எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

போரும் ஆட்சிக் கவிழ்ப்புமாக இருந்த காலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இந்த மலையைத் தேடி வந்திருக்கிறார்கள். மலையையும் நீரையும் பாடிய ஷியே லிங்யுன் ஆசாரியரைப் போற்றி எழுதினார். நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி எழுதிய சோங் பிங் இங்கே வந்து அமர்ந்து கேட்டார். சாங்ஆன் நகரில் சூத்திரங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த குமாரஜீவருக்கு இங்கிருந்து சந்தேகங்கள் கடிதமாகப் போயின, அங்கிருந்து பதில்கள் வந்தன. துறவி அரசனை வணங்கத் தேவையில்லை என்று 404-ஆம் ஆண்டில் ஆசாரியர் எழுதியதும் இந்த மலையில் இருந்துதான்.

எங்களை இழுத்துவந்தது அதற்கு 2 வருடம் முந்தைய ஒரு நாள். 402-இல் துறவிகளும் இல்லறத்தாருமாக 123 பேர் அமிதாபர் திருவுருவத்தின் முன் கூடி, அமிதாபரின் தூய உலகமான சுகாவதியில் பிறக்கவேண்டும் என்று சபதம் செய்தார்கள். பதவியைத் துறந்து மலையேறிய லியூ யிமின் அந்தச் சபதத்தை எழுதினார். ஹுய்ஜியாவ் பிற்காலத்தில் தொகுத்த துறவியர் வரலாற்றில் அது இருக்கிறது. பழைய நடையில் இருந்த அந்த வரிகளை என் கணவர் வழியெல்லாம் அவருடைய அம்மாவுக்கு ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் விளக்கிக்கொண்டே வந்தார். அதில் ஓர் இடம். எல்லோருடைய புண்ணியமும் ஒரே அளவில் இருக்காது. சிலர் முன்னால் போய்ச் சேருவார்கள், சிலர் பிந்துவார்கள். முன்னால் போனவர் மேக மலையில் தான் மட்டும் சுகமாக இருந்துகொண்டு, இருண்ட பள்ளத்தாக்கில் நிற்பவர்களை மறந்துவிடக் கூடாது.

மாமியார் அதற்கு ஒன்றும் சொல்லாமல் வந்தார். மண்டபத்துக்குள் அமிதாபரின் முகம் தெரிந்ததும் என் கையை உதறினார். முட்டி மடங்காது, நின்றபடியே கும்பிட்டால் போதும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தோம். அவரோ மெத்தை மேல் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கிடந்தார். "நமோ அமிதுவோஃபோ" (அமிதாப புத்தருக்கு வணக்கம்) என்று முனகியவர், நடுவில் மாமனாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நீ முன்னால் போய்விட்டாய். பின்னால் நான் வருகிறேன். மறந்துவிடாதே." பக்கத்தில் மண்டியிட்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கூட்டம், அந்தச் சத்தம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. 1,600 வருடங்களுக்கு முன்னால் படித்தவர் ஒருவர் தூரிகையால் எழுதியதை, எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் என் மாமியார் தம் சொந்தப் பேச்சாகச் சொல்லிவிட்டார். அமிதாபா, உன் கருணைக்கு அளவேது!

எழுந்திருக்க முடியாமல் தவித்தவரைத் தொண்டர் பெண் ஒருத்தி தாங்கிப் பிடித்தாள், வெந்நீர் கொடுத்தாள், போகும்போது தன் குடையையும் தந்தாள். அவள் நன்றாக இருக்கவேண்டும்.

ஆசாரியரை நினைத்தும் வணங்கினோம். 416-இல், 83 வயதில், கடைசி நேரத்தில் தேன் கலந்த நீரைக் கொடுத்தபோது, துறவியர் ஒழுக்க விதிகளில் அதற்கு இடம் உண்டா என்று நூலைப் பார்க்கச் சொன்னாராம். பாதி சுவடி புரட்டுவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அந்த ஒழுக்கத்தை நினைத்தால் இப்போதும் உடல் சிலிர்க்கிறது.

பிறகு அமிதாபரின் 48 சபதங்களைக் குறிக்க 48 மீட்டர் உயரத்தில் நிற்கும் பொன்னிற அமிதாபரையும் தரிசித்தோம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாலும் மாமியார் இறங்கி வர மனமில்லாமல் நின்றார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை கொழுந்தனார் குடும்பத்தையும் அழைத்து வரவேண்டும் என்கிறார். அமிதாபர் அருளால் அதுவும் நடக்கும்.