கொலுசுப் பெட்டியும் 42 பிக்சலும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. புது மாடல் வந்தால் படம் எடுத்து, கேட்கிற ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புவார். எல்லாவற்றையும் ஒரே வலைப்பக்கத்தில் போட்டுத் தருகிறேன் என்றேன். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் ஓரளவு தெரியும். அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் அப்போதுதான் படிக்க ஆரம்பித்திருந்தேன்.

நிறம், எழுத்தளவு எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. கொலுசுப் படங்களை வைக்கிற பெட்டிகள்தான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டன. 600 பிக்சல் (திரையில் அளக்கிற சிறு புள்ளி) அகல வரிசையில் தலா 300 பிக்சலுக்கு இரண்டு பெட்டிகள். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் இரண்டாவது பெட்டி கீழே போய் நின்றது.

"என்ன கண்ணு, ஒண்ணு கீழ எறங்கிருச்சு?" என்றார் சித்தப்பா.

பிரவுசரில் ரைட் கிளிக் செய்து பக்கத்தின் அமைப்பைக் காட்டும் இன்ஸ்பெக்ட் திறந்த பிறகுதான் விளங்கியது. நடுவில் நீலமாக உள்ளடக்கம், அதைச் சுற்றிப் பச்சையாக பேடிங் என்ற உள் இடைவெளி, பிறகு பார்டர் என்ற ஓரக்கோடு. நான் கொடுத்த 300 அந்த நீலத்துக்கு மட்டும்தான். இரு பக்கமும் 20 வீதம் பேடிங், 1 வீதம் பார்டர் சேர்ந்து ஒரு பெட்டி 342 ஆகிவிட்டது. இரண்டுக்கும் 684, வரிசையில் எப்படி அடங்கும்? கொலுசின் நீளத்தை மட்டும் அளந்து, சுற்றுகிற ரோஸ் தாளையும் அட்டையையும் மறந்துவிட்டுப் பெட்டி வாங்கினது போலத்தான்.

அகலம் எதையெல்லாம் சேர்த்தது என்று சொல்லும் பாக்ஸ்-சைசிங் என்ற இடத்தில் பார்டர்-பாக்ஸ் என்று ஒரு வரி எழுதினேன். பேடிங்கும் பார்டரும் 300-க்குள்ளேயே அடங்கின. பெட்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றதால் அகலத்தை 290 ஆக்கி, நடுவில் 20 பிக்சல் கேப் (இடைவெளி) விட்டேன். இப்போதெல்லாம் எந்தப் பக்கம் தொடங்கினாலும் முதலில் அந்த வரியைத்தான் எழுதுகிறேன்.

அப்புறம் தமிழ் எழுத்து. ஆங்கிலப் பக்கம் ஒன்றைப் பார்த்து லைன்-ஹைட், அதாவது வரியின் உயரம், எழுத்தளவைப் போல 1.2 மடங்கு என்று வைத்திருந்தேன். 'கூ', 'ணு' ஆகியவற்றின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் 'கி', 'வீ' மேல் போய் இடித்தது. நம் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். 1.7 வைத்ததும் வரிகள் மூச்சு விட்டன. இதில் பிக்சல் கூடாது, வெறும் எண்தான் நல்லது: முழுப் பக்கத்துக்கும் பொதுவான பாடியில் 24 பிக்சல் என்று எழுதினால் 32 பிக்சல் தலைப்புக்கும் அதே 24 இறங்கி, தலைப்பு இரண்டு வரியானால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

போனுக்கு மட்டும் ஒரு மீடியா குவெரி (திரை அகலத்தைப் பார்த்துத் தோற்றத்தை மாற்றும் விதி) போட்டு, வரிக்கு ஒரு பெட்டி ஆக்கினேன். சித்தப்பா கண்ணாடியைத் தேடாமல் கிராம் எடையை வாய்விட்டுப் படித்தார்.