அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்: சரி செய்வதா, அனுப்பிவிடுவதா

நவம்பர் 2, 2025, ஞாயிறு

அப்பாவின் கம்ப்யூட்டர் உயிர் பெற மறுக்கிறது. 2006 தொடக்கத்தில் வாங்கியது. பெண்டியம் 4, 1 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. சுவிட்சை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. தம்பி வந்து பார்த்துவிட்டு, "இனிமே இதுல என்னக்கா இருக்கு, தூக்கிப் போட்டுடலாம்" என்றான். அப்பா அவனுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் திரும்பி, "நான் டைப் பண்ணி வச்சதெல்லாம் அதுலதாம்மா இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் ஒரே பெட்டியைப் பற்றித்தான் பேசினார்கள், ஆனால் பேசிய விஷயம் வேறு வேறு. எல்லாப் பாகங்களும் சேரும் மதர்போர்டு செத்துப்போனாலும், கோப்புகள் இருக்கும் ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கலாம். அதனால் பெட்டியை என்ன செய்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். அப்பாவின் எழுத்தை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதுவரை யாரும் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வயதான டிஸ்க்கை வீணாக ஓட விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

டிஸ்க்கைக் கழற்றினேன். நல்லவேளை, சாட்டா என்ற மெல்லிய கேபிள் வகை. அதற்கு முந்தைய அகல நாடா கேபிள் வகையாக இருந்திருந்தால் அதற்கென்று வேறு அடாப்டர் தேட வேண்டியிருக்கும். யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி என் லேப்டாப்பில் சொருகினேன். 80 ஜிபி, சீரான ஓட்டம், டக் டக் என்ற சத்தம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது என்று அர்த்தம், மேலும் ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகலாம்.

எந்தக் கோப்பையும் அங்கேயே திறந்து பார்க்காமல் முழுவதையும் நகலெடுத்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோப்புறைப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். உறவினர் வரலாறு, கடிதங்கள், அவர் பேசிய கூட்டங்களின் உரைகள். சிலவற்றை எழுதியதையே அவர் மறந்திருந்தார்.

நவம்பர் 5, புதன்

கோப்புகள் திறக்கின்றன, ஆனால் தமிழ் தெரியவில்லை. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு முந்தைய அந்த எழுத்துருக்களில், கணினியைப் பொறுத்தவரை நாம் அடிப்பது வெறும் ஆங்கில எழுத்துதான். திரையில் அதற்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துரு. அது இல்லாத கணினியில் அந்த வடிவம் கழன்றுவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கிறது. பக்கம் முழுக்க அரைப்புள்ளிகள்!

மாற்றி மென்பொருளில் போட்டால் நொடியில் யூனிகோடு ஆகிவிடுகிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கட்டுரைக்கு நடுவே அப்பா நிஜமாகவே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் தமிழாக மாறி உருத் தெரியாமல் போகின்றன. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். அப்பா திருத்துகிறார். பழைய கோப்புகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். மாற்றத்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் மூலம் கையில் இருக்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

எழுத்து பத்திரம். இன்று பெட்டி.

தம்பியும் கூட உட்கார்ந்தான். ரேமைக் கழற்றி, அதன் விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினோம். பலனில்லை. அடுத்து ரேமே இல்லாமல் ஆன் செய்தோம். உள்ளே ஸ்பீக்கர் உள்ள போர்டு அந்த நிலையில் பீப் அடித்துப் புலம்ப வேண்டும். சத்தமே இல்லை. அப்படியானால் கோளாறு ரேமில் அல்ல, போர்டிலோ புராசசரிலோ பவர் சப்ளையிலோ இருக்கிறது.

பவர் சப்ளையைத் தனியே சோதிப்பது சுலபம். போர்டிலிருந்து முழுவதும் பிரித்துவிட்டு, பெரிய கனெக்டரில் உள்ள பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்தால் அது தானாக ஓடத் தொடங்கும். ஓடியது. மல்ட்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 12.1 வோல்ட், சிவப்பு 5.0 வோல்ட். 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்பதால் இது நல்ல அளவு. சப்ளைப் பெட்டியைத் திறக்கலாமா என்று தம்பி கேட்டான். கூடாது என்றேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கியடிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும்.

அப்புறம் டார்ச் அடித்துப் போர்டைப் பார்த்தோம். புராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு உருளைகள், உப்பியிருந்தன. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும், அதில் வாயு வெளியேறக் கீறல் போட்டிருப்பார்கள். இவற்றில் அந்தக் கீறல் மேடாக எழும்பி, ஒன்றில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து ஒட்டியிருந்தது. 2000 வாக்கில் தொடங்கிச் சில ஆண்டுகள் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் ஏராளமான போர்டுகளில் ஏறி, பல நிறுவனங்களின் கணினிகளைக் கொன்றன. இந்த இடத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்கள் புராசசருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்குபவை. அவை கெட்டால் புராசசருக்குச் சுத்தமான மின்சாரம் கிடைக்காது, ஃபேன் மட்டும் சுற்றும். நம் பெட்டியில் நடப்பதும் அதேதான்.

இப்போது தம்பி கட்சி மாறிவிட்டான். "அக்கா, கோளாறு இவ்வளவுதானா? மாத்திடலாமே!"

நவம்பர் 9, ஞாயிறு

எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த அண்ணன் ஒருவரிடம் படங்களை அனுப்பினேன். செய்து தருகிறேன் என்றார். அதே மைக்ரோஃபாரட் (மின்சாரத்தைத் தேக்கும் அளவு), அதே அல்லது கூடுதல் வோல்ட், உள்தடை குறைந்த ரகம், பிளஸ் மைனஸ் மாறாமல் வைக்க வேண்டும். பல அடுக்கு போர்டு என்பதால் எர்த் கால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சின்ன சால்டரிங் அயர்ன் போதாது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: உப்பாமல் நிற்கும் மற்ற கெப்பாசிட்டர்களுக்கும் அதே வயதுதானே, இன்று ஓடினாலும் அடுத்தது எது என்று சொல்ல முடியாது.

நாள் முழுக்க இதையே யோசித்தேன். பழுது பார்க்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. பார்த்த பிறகு அதற்கு என்ன வேலை? எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே நின்றுவிட்டது. அதை இணையத்தில் விட மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக, எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் போடலாம்தான். ஆனால் இந்த ரேமில் இன்றைய பிரவுசர் மூச்சு முட்டும். புராசசர் மட்டுமே 84 வாட் வரை இழுக்கும் ரகம். லேப்டாப்களில் வரும் புராசசர்கள் பல 15 வாட்டில் இதைவிட எத்தனையோ மடங்கு வேலை செய்கின்றன. அப்பா இப்போது எழுதுவது என் பழைய லேப்டாப்பில், தமிழ் டைப்ரைட்டரின் விசை அமைப்பில். அதிலேயே அவருக்குக் கை பழகிவிட்டது.

இதுவே ஐந்தாறு வயதுக் கணினியாக இருந்தால் இரண்டாம் யோசனையே இல்லாமல் சரி செய்யச் சொல்லியிருப்பேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு போன மாதம் 14-ஆம் தேதி முடிந்தது என்பதற்காக நன்றாக ஓடும் கணினிகளைக் குப்பைக்கு அனுப்புவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அவற்றில் லினக்ஸ் அருமையாக ஓடும். ஆனால் இந்தப் பெட்டியைச் சரி செய்து பரணில் ஏற்றுவதில் யாருக்கும் பயனில்லை.

"எனக்கு அந்த மெஷின் வேண்டாம்மா, எழுதினது வந்துடுச்சுல்ல" என்றார் அப்பா. தம்பிக்குத்தான் மனசே இல்லை. போர்டைக் கழற்றும் வேலையை அவனிடம் கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

கேபினட்டை வைத்துக்கொள்கிறோம். அது ஏடிஎக்ஸ் என்ற பொது அளவில் செய்தது, அந்த அளவை இன்டெல் 1995-இல் வகுத்தது. இன்றைய போர்டுகளும் அதே திருகுத் துளைகளில் உட்காரும். தம்பி என்றாவது புதிதாகக் கட்டும்போது உதவும். மானிட்டர் வேலை செய்கிறது, அதை அவன் எடுத்துக்கொள்கிறான். அது கெட்டுப்போனால் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டேன். அந்தக் காலத்து எல்சிடியின் பின்விளக்குக் குழாயில் பாதரசம் இருக்கிறது.

டிஸ்க்கை அழித்தாயிற்று. கோப்பை நீக்குவதும் வெறும் ஃபார்மட் செய்வதும் போதாது. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும், எழுத்து அப்படியே கிடக்கும், எடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். முதல் இடத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை பூஜ்ஜியத்தால் நிரப்பினேன். இந்த வகைக் காந்தத் தட்டு டிஸ்க்குக்கு ஒருமுறை போதும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. அதன் உபரிச் செல்கள் இந்த முறையில் அகப்படாமல் தப்பிவிடும், அதற்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 22, சனி

போர்டு, பவர் சப்ளை, டிஸ்க், ஒயர்கள் எல்லாம் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்துக்குப் போய்விட்டன. வழியில் போகிற யாரிடமாவது எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. செம்புக்காக ஒயரை எரிப்பார்கள், தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் முக்குவார்கள். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது பெரும்பாலும் வேறு வழியில்லாத ஏழைகளும் அவர்களின் பிள்ளைகளும்தான். ஐரோப்பாவில் ஈயத்துக்குத் தடை வந்தது 2006 ஜூலையில். அதற்கு முன்பு செய்த போர்டு இது, பற்றவைப்பில் ஈயம் இருக்கவே வாய்ப்பு அதிகம். 2022-இல் உலகம் வெளியேற்றிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா.வின் 2024 அறிக்கை.

அப்பாவின் கோப்புகளுக்கு ஒரு நகல் என்னிடம், இன்னொன்று தம்பி வீட்டில். அடுத்து அம்மாவின் பழைய போனைப் பார்க்க வேண்டும். அதன் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜில் போட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிட்டேன்.