தொடையில விழுற குழிக்கு நடை மட்டும் காணாது

வயிறு குறைக்க என்ன செய்யலாம் எண்டு பொம்பிளையள் நாலு பேருக்கு முன்னாலயே கேப்பினம். ஆனா தொடைக்குப் பின்னாலயும் பின்பக்கத்திலயும் தோல் குழி குழியா உள்ளுக்க இழுபட்டு நிக்குதே, அதைப் பற்றிக் கேக்கிறதெண்டா தனியா கூட்டிக்கொண்டு போய், குரலைக் குறைச்சுத்தான் கேப்பினம். செலுலைட். வயசுக்கு வந்த பொம்பிளையள்ல நூற்றுக்கு 80 தொடக்கம் 90 பேருக்கு இது ஏதோ ஒரு அளவில இருக்கு, மெலிஞ்ச ஆக்களுக்கும் இருக்கு, வருத்தமும் இல்லை. இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒண்டுக்கு வெக்கப்பட்டுக்கொண்டு எங்கட திருகோணமலை உப்புவெளிக் கடல்ல பிள்ளையளை இறக்கிவிட்டுட்டு தாய்மார் கரையிலயே நிக்கிறதைப் பாக்க எனக்கு உண்மையா மனசு கேக்கிறேல்ல.

இது ஏன் வருதெண்டு விளங்கினா காசு மிச்சம். தோலுக்குக் கீழ கொழுப்பு, அதுக்குக் கீழ தசை, இடையில நார் மாதிரி இழைகள் தோலைக் கீழ்ப்பக்கமா பிடிச்சுக் கட்டி வச்சிருக்கு. பஞ்சு மெத்தையில இடைக்கிட நூலைப் போட்டு இறுக்கித் தைச்ச இடம் பள்ளமாகி, சுத்திவர பஞ்சு பொம்மிக்கொண்டு நிக்குமெல்லே, அப்பிடித்தான். பொம்பிளையளுக்கு இந்த இழைகள் கூடுதலா மேலயிருந்து கீழ நேரா ஓடும், ஆம்பிளையளுக்குக் குறுக்கும் மறுக்குமா ஓடும், தோலும் தடிப்பு, அதால அவையளுக்கு அரிது. ஈஸ்ட்ரோஜன் எண்ட பொம்பிளையளின்ர ஹோர்மோன், பரம்பரை, வயசு போகப் போக தோல் மெல்லிசாகிறது எல்லாம் சேர்ந்ததுதான் மிச்சம். உடம்பில நஞ்சு சேர்ந்திட்டு, இந்தத் தேத்தண்ணியக் குடிச்சா வெளியில போயிடும் எண்டு ஆரும் விக்க வந்தா வாங்காதேங்கோ, நஞ்சுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கஃபீன் போட்ட கிறீம் கொஞ்ச நேரத்துக்கு தோலை இறுக்கிக் காட்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில 2020 இல அந்த இழையையே கரைக்கிற ஊசி ஒண்டுக்கு அனுமதி குடுத்தவை, அது போட்ட இடத்தில கண்டிப்போறதும் தோல் நிறம் மாறுறதும் எண்டு 2022 கடைசியில அந்தக் கம்பனியே செய்யிறதை நிப்பாட்டிப்போட்டுது.

சரி, எக்சர்சைஸ் என்ன செய்யும்? இழையை அறுக்காது, அதால குழி முற்றா இல்லாமப் போகாது, இதை முதலே சொல்லிப்போடுறன். ஆனா உடம்பு முழுக்கக் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்கேக்க மேல தள்ளுறது குறையும், கீழ தொடைத் தசையும் பின்பக்கத் தசையும் வளர்ந்து இறுகேக்க தோலுக்கு ஒரு நல்ல அடித்தளம் கிடைக்கும், ரெண்டும் சேர்ந்தா குழியின்ர ஆழம் கண்ணுக்குக் குறைவாத் தெரியும். தொடையில மட்டும் கொழுப்பைக் குறைக்கிற எக்சர்சைஸ் எண்டு ஒண்டு இல்லை.

எங்கட ஊர்ல நடக்கிற ஆக்களுக்குக் குறைவில்லை, விடிய டச் பே பக்கம் போனா தெரியும், கோட்டை வாசலால ஏறி மானுகளைப் பாத்துக்கொண்டு கோணேஸ்வரம் வரைக்கும் போய் வாறவையும் இருக்கினம். இதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் அது சரியான நல்லது, விடாதேங்கோ. ஆனா தினமும் ஒரே நடையை நடந்தா தசை அதுக்குப் பழகிப்போயிடும், வளராது. வளரோணுமெண்டா பாரம் வேணும். உலக சுகாதார நிறுவனமும் கிழமைக்கு 150 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது செய்யச் சொல்றதோட, 2 நாளாவது தசைக்கு வேலை குடுக்கச் சொல்லுது, அந்த ரெண்டாவதைத்தான் எங்கட பொம்பிளையள் ஒருத்தரும் செய்யிறேல்ல.

ஜிம் தேவையில்லை. பிளாஸ்டிக் கதிரைக்கு முன்னால நிண்டு, இருக்கப் போற மாதிரி பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி மெதுவா இறங்கி, கதிரையில முட்டின உடன குதிக்காலால நிலத்தை அமத்தி எழும்புங்கோ. இறங்கேக்க மூண்டு எண்ணோணும், தொப்பெண்டு விழுந்தா தசைக்கு வேலையே இல்லை. அடுத்தது 5 கிலோ அரிசிப் பை. ரெண்டு கையாலயும் முன்னால பிடிச்சுக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சமா மடிச்சு, முதுகை வளைக்காம இடுப்பில இருந்து குனியுங்கோ, பை தொடையை உரசிக்கொண்டு முழங்காலுக்குக் கீழ வரைக்கும் போகட்டும், தொடைக்குப் பின்னால ஒரு இழுவை தெரியும், அது தெரிஞ்சா சரி, நாரி இழுத்தா பிழை, இன்னும் கொஞ்சம் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கோ. குழி கூட இருக்கிற இடத்துக்குக் கீழ கிடக்கிற தசை இதுதான், அதால எனக்கு இதில பெரிய நம்பிக்கை. பாயில மல்லாக்கப் படுத்து முழங்காலை மடிச்சு இடுப்பைத் தூக்கிற பிரிட்ஜும், விறாந்தைப் படியில ஒரு காலா ஏறி இறங்கிறதும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ஒவ்வொண்டும் 8 தொடக்கம் 12 தரம், ரெண்டு மூண்டு சுற்று, இடையில ஒரு நாள் ஓய்வு. 12 லேசா வந்தா பாரத்தைக் கூட்டுங்கோ, கூட்டாட்டி அதுவும் நடை மாதிரித்தான்.

பட்டினி கிடக்காதேங்கோ. கெதியா மெலிஞ்சா தசையும் சேர்ந்து போகும், தோலும் தொய்யும், குழி முந்தினதை விட வடிவாத் தெரியும். சூடை மீன், முட்டை, பருப்பு, அவிச்ச கடலை எண்டு தட்டில ஏதாவது ஒண்டு ஒவ்வொரு நேரமும் இருக்கட்டும்.

மாற்றம் தெரிய ரெண்டு மூண்டு மாசம் செல்லும். போட்டோ எடுக்கிறதெண்டா அதே ஜன்னல், அதே நேரம், ஏனெண்டா இது பாதிக்கு மேல நிழல்தான், நேரா மேல இருந்து லைட் விழுந்தா ஆழமாத் தெரியும், முன்னால இருந்து விழுந்தா காணாமலே போயிடும். இன்டர்நெட்டில வாற முந்தி பிந்திப் படங்கள்ல கனக்க இந்த லைட் விளையாட்டுத்தான். ஒரு கால் மட்டும் திடீரெண்டு வீங்கி, சிவந்து, சூடா நொந்தா அது வேற சாமான், உடன டொக்டரிட்டப் போங்கோ.

முழங்கால் நோ உள்ள ஆக்கள் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் கடல் அமைதியா இருக்கேக்க உப்புவெளியில இடுப்பளவு தண்ணிக்குள்ள நடக்கலாம், காலைப் பின்னுக்கு வீசலாம், தண்ணி உடம்பைத் தாங்கும், அதேநேரம் காலுக்குத் தடையும் குடுக்கும். மாரி தொடங்கினா இறங்க வேண்டாம், வீட்டுக்குள்ள பாயை விரிச்சு பிரிட்ஜைச் செய்யுங்கோ.