இமைக்கு ஊசி போட்டுக்கொண்ட கதை

மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஒரு பக்கத்தின் பாதியில் இரண்டு கண்களும் தாமாக இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்தபோது, தூக்கம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம் கண் வறட்சி என்றார்கள். சொட்டு மருந்தில் ஆறு மாதம் போனது. கண்ணாடியையும் மாற்றிப் பார்த்தேன். வெயிலில் இறங்கினால் மூடும், படிக்க உட்கார்ந்தால் மூடும். நெற்றிப்பொட்டில் ஒரு விரலை வைத்தால் மட்டும் சற்றுத் திறக்கும்.

அந்த விரலைப் பார்த்துத்தான் நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: பிளெஃபரோஸ்பாசம். “கோளாறு கண்ணுல இல்ல. இமையை மூடுற தசைக்கு மூளை ஓயாம கட்டளை போட்டுக்கிட்டிருக்கு. தொட்டா திறக்குதுன்னா, அதுவே ஒரு அடையாளம்.” மாத்திரைகள் பெரிதாக உதவாது, போட்டுலினம் ஊசிதான் முதல் வழி என்றார்.

அக்காவிடம் சொன்னேன். “சாப்பாட்டுல விஷமாகி ஆளையே சாய்க்கிற கிருமியாச்சேடா அது! அதையா கண்ணுகிட்ட குத்தப் போறாங்க?”

“கிருமி இல்லக்கா. கிருமி சுரக்கிற புரதம்.”

“அதுதானே விஷம்?”

பதில் சொல்ல முடியவில்லை. ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கண் திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த விஷத்தைப் பற்றியே படித்தேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியவர் யூஸ்டினுஸ் கெர்னர். ஜெர்மனியில் வூர்ட்டம்பெர்க் பகுதி மருத்துவர், கவிஞரும்கூட. கெட்டுப்போன தொத்திறைச்சி தின்று இறந்தவர்களைப் பற்றிக் குறிப்பெடுத்தவர், அந்த விஷத்தைப் பிரித்தெடுத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்; தானும் கொஞ்சம் உட்கொண்டார். இந்த விஷத்தால் வரும் நோய்க்குப் போட்டுலிசம் என்ற பெயரே தொத்திறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். 1822இல் அவர் எழுதிய நூலில், மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் இதே விஷம் அடங்காத நரம்புத் துடிப்புகளை அடக்கும் மருந்தாகலாம் என்று ஊகித்திருந்தார். கிருமி என்று ஒன்று இதற்குப் பின்னால் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. அது 1895இல், பெல்ஜியத்தின் எல்ஸெல் ஊரில் இசைக்குழுவினர் பன்றி இறைச்சி சாப்பிட்டு விழுந்த பிறகு, எமில் வான் எர்மெங்கெம் கண்டுபிடித்தது.

கெர்னரின் ஊகம் ஊசியாக மாற ஒன்றரை நூற்றாண்டு ஆனது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், மாறுகண்ணை அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். இந்த விஷத்தை முதலில் குரங்குகளிடம், 1970களின் இறுதியில் மனிதர்களிடம் பயன்படுத்திப் பார்த்தார். 1989 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் என் நோய்க்கும்தான். இதே மருந்து நெற்றிச் சுருக்கம் போக்கும் அழகு ஊசியானது அதற்கு அப்புறம்தான். இதைப் படித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம். நான் பழைய வாடிக்கையாளர் வரிசை.

ஊசி நாள். குப்பியைப் பார்த்தால் காலி போல இருந்தது. அடியில் லேசான வெண்படலம், அவ்வளவுதான் மருந்து. உள்ளே வெற்றிடம் இருப்பதால், ஊசியை மூடியில் குத்தியதும் உப்புநீரைக் குப்பியே உறிஞ்சிக்கொண்டது. செவிலியர் அதைக் குலுக்கவில்லை, மெதுவாகச் சுழற்றினார். அளவு யூனிட் கணக்கில். ஒரு கூட்டம் எலிகளில் பாதியைக் கொல்லும் அளவுதான் ஒரு யூனிட் என்று படித்திருந்தேன். படுத்திருக்கும்போது நினைவுக்கு வரக்கூடாத தகவல். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல. அதனால் எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்த இடம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு கண்ணுக்கு 3 இடம், இடத்துக்கு 2.5 யூனிட். மேல் இமையின் இரு ஓரங்கள், கீழ் இமையின் வெளி ஓரம். மேல் இமையின் நடுவை விட்டுவிடுவார்கள்; இமையைத் தூக்கும் தசை அங்கே இருக்கிறது. எறும்புக்கடி மாதிரி சுருக்கென்றது, கொஞ்சம் நீர் வந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று மாலையும் கண் பழையபடி மூடியது. மறுநாளும்.

ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் இந்தப் புரதம் வேலை செய்யும் விதத்திலேயே தாமதம் இருக்கிறது. நரம்பு முனை தசைக்குச் செய்தி அனுப்பும்போது, வேதிப்பொருள் நிரம்பிய சின்னப் பைகள் திறந்து கொட்டிவிட்டு மீண்டும் உள்ளே போகும். விஷம் அந்தப் பையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே போனதும் ஸ்நாப்-25 என்ற புரதத்தை வெட்டுகிறது. அது இல்லாமல் பைகள் திறக்காது. கத்தரிக்கோல் ஒன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருப்பது போல, நாள் பிடிக்கும்தானே?

நான்காம் நாள் காலை, ஒரு பக்கம் முழுதும் படித்து முடித்த பிறகுதான் கண் மூடவே இல்லை என்பது உறைத்தது. எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன்.

ஏழாம் நாள் வலது இமை தொங்கியது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் கருமணியின் மேல்விளிம்பை மறைத்தது. மருந்து தூக்கும் தசைக்கும் கசிந்திருக்கிறது. போட்டுலிசம் நோய் உடலில் இப்படித்தான் தொடங்குகிறது: இமை தொங்கும், பார்வை இரண்டாகும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, பிறகு கைகால், மூச்சு என்று மேலிருந்து கீழே இறங்கும். ஊசிக்கு முன் கையெழுத்து வாங்கிய தாளில் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் சிரமமானால் உடனே வரச் சொல்லியிருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. எனக்கு அதெல்லாம் இல்லை. இமையைச் சற்றுத் தூக்கிவிட ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் சரியானது. கண் சரியாக இமைக்காததால் வந்த வறட்சிதான் அதைவிடத் தொந்தரவு. இரவில் களிம்பு போட்டே தூங்கினேன்.

பத்தாவது வாரம் துடிப்பு திரும்பியது. முடங்கிய முனையைச் சுற்றி நரம்பு புதுக் கிளை விட்டுத் தசையைத் தொடுகிறதாம். பழைய முனை தேறியதும் கிளைகள் பின்வாங்கிவிடும். மருந்தின் தோல்வி என்று முதலில் கோபப்பட்டேன். நரம்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வதால்தான், தொங்கிய இமையும் நிரந்தரமாகத் தொங்காமல் நிமிர்ந்தது. ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொன்றை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது.

முதல் ஊசியோடு முடிவுகட்டிவிடாதீர்கள் என்பதுதான் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது. நான் நாள்வாரியாக எழுதிய குறிப்பை மருத்துவரிடம் நீட்டினேன். இரண்டாம் முறை வலது பக்கம் அளவைக் குறைத்து, இடத்தை இமை விளிம்பை ஒட்டி நகர்த்தினார். இமை தொங்கவில்லை. மூன்றாம் முறை கீழ் இமையில் ஒரு புள்ளி கூட்டினார். அதற்குப் பிறகு பெரிதாக மாற்றவில்லை.

இப்போது ஒன்பதாவது சுற்று. நாள்காட்டி பார்ப்பதில்லை. படித்துக்கொண்டிருக்கும்போது விரல் தானாக நெற்றிப்பொட்டுக்குப் போயிருக்கும். அதைப் பார்த்ததும் போன் எடுத்து அடுத்த ஊசிக்கு நாள் கேட்டுவிடுவேன்.