வீட்டுக் கொலுவுக்குத் தொம்பை தைத்த நாட்கள்

ஆகஸ்ட் 28, 2025, வியாழன்

பிள்ளையார் சதுர்த்திக்கு வாசலில் கட்டிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை இன்று காலை அவிழ்த்தேன். மூன்று வருட வெயிலில் அதன் பச்சை வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. நவராத்திரிக்கு இன்னும் இருபத்தைந்து நாட்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு கொலுவுக்கான அலங்காரம் எதையும் கடையில் வாங்காமல், வீட்டிலுள்ள பழைய சேலைகளைக் கொண்டு நானே தைப்பது என்று முடிவு செய்துகொண்டு, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன்.

பெட்டியின் அடியில், நைந்த வேட்டி ஒன்றில் சுற்றி வைத்த தொம்பை இருந்தது. தேரிலும் சப்பரத்திலும் விழாப் பந்தலிலும் தொங்குகிற உருளை வடிவத் துணி அலங்காரத்தைத்தான் எங்கள் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் தொம்பை என்கிறோம். தெருக்கோயில் சப்பரத்துக்குத் தைத்தவற்றில் மிஞ்சிய ஒன்று, மாமனார் காலத்திலிருந்து இங்கேயே கிடக்கிறது என்று அத்தை சொன்னார்கள். மூன்றரை அடி நீளம் இருக்கிறது. எங்கள் கூடத்தில் அதைத் தொங்கவிட்டால் கொலுப்படியையே மறைத்துவிடும். ஆனால் இதே அமைப்பில் சிறியதாக இரண்டு தைத்துப் படிகளின் இருபுறமும் தொங்கவிட்டால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அப்போதே மனத்தில் விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பகல் முழுவதும் அந்தப் பழைய தொம்பையை உள்ளும் புறமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் வேலையைப் படிக்க வேண்டுமானால் துணியின் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். சிவப்புப் பட்டையின்மேல் மஞ்சளில் வெட்டிய யாளி, பச்சையில் வெட்டிய மயில், கீழே எட்டு இதழ்த் தாமரை என்று முன்பக்கம் ஒரே கோலாகலமாக இருக்க, உள்ளே திருப்பினால் காடாத்துணியின்மீது தடித்த நூல் ஓடிய தடம் மட்டுமே தெரிகிறது. வெட்டிய துணியின் ஓரத்தை எங்கும் மடித்திருக்கவில்லை. ஓரத்தின்மேல் முறுக்கிய வெள்ளைக் கயிற்றை வைத்து, அந்தக் கயிற்றையே சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பிசிறை மூடுவதும் அந்தக் கயிறுதான். உருவத்தைத் தொலைவிலிருந்து எடுத்துக்காட்டும் கோடும் அதுதான். திருவாரூர் ஆழித் தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் நிற்கிறது. அந்த உயரத்தில் தொங்கும் தொம்பையைக் கீழே வடம் பிடிப்பவர் அண்ணாந்து பார்க்கும்போது, மயிலின் கண்ணோ மடிப்போ தெரியப்போவதில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே ஓடும் வெள்ளைக் கோடு தெரியும்.

வீட்டுத் தொம்பையின் நிலைமை வேறு. சுண்டல் வாங்க வரும் குழந்தை கைநீட்டித் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் அது தொங்கப்போகிறது. ஆகவே அளவை மட்டும் சுருக்கினால் போதாது, தையல் முறையையும் மாற்ற வேண்டும். நான் கயிறு வைக்கப்போவதில்லை. ஒவ்வோர் ஓரத்தையும் கால் அங்குலம் உள்ளே மடித்துக் கைத்தையல் போடப்போகிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கணக்குப் போட்டேன். வட்டத்தின் குறுக்களவு 5 அங்குலம் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 15¾ அங்குலம் வருகிறது; இருபுறமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால் துணி 16¾ அங்குலம் வேண்டும். ஆறு அங்குலப் பட்டை மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்தால் உடல் 18 அங்குலம். அதன் கீழே, நாக்கு வடிவத்தில் எட்டுத் தொங்கல்கள்.

துணிக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் கண்டாங்கிச் சேலை முந்தானையில் மட்டும்தான் கிழிந்திருந்தது. அதன் அரக்குச் சிவப்பும் கடுகு மஞ்சளும் இன்னும் மங்கவில்லை. அந்தச் சேலையில் கத்தரி வைப்பதற்கு முன் நெடுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் இருந்து இற்றுப்போவதைவிடக் கண்ணெதிரே தொங்கட்டும் என்று தோன்றிய பிறகுதான் வெட்டினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பச்சைக்கும் நீலத்துக்கும் பழைய ரவிக்கைத் துணிகள் கிடைத்தன. பளிச்சென்ற சிவப்பு மட்டும் வீட்டில் இல்லாததால் ஒரு மீட்டர் பாப்ளின் வாங்கினேன். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் ரோஜா நிறம் இறங்குகிறது. ஐந்து தடவை அலசிய பிறகே தண்ணீர் தெளிந்தது. இதைச் செய்யாமல் தைத்திருந்தால், மழைச்சாரல் ஒருமுறை பட்டாலே வெள்ளைத் தாமரையெல்லாம் சிவந்திருக்கும். காடாத்துணியையும் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று தாமரை இதழ்கள். ஒரு தொம்பைக்கு இரண்டு தாமரை, தாமரைக்கு எட்டு இதழ், ஆக இரண்டுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு. கல்யாணப் பத்திரிகை அட்டையில் இதழ் வடிவத்தை வெட்டி, துணியின் பின்பக்கத்தில் வைத்து, விளிம்பில் கஞ்சித் தண்ணீரைத் தொட்டுத் தடவி, துணியை அட்டையின்மேல் மடித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் ஓரம் கத்தி முனைபோல் நிற்கிறது. பிறகு அட்டையை உருவிவிடலாம். இதழின் நுனியில்தான் சிரமம். இரண்டு மடிப்பும் அங்கே வந்து சேர்வதால் துணி திரண்டு மொக்கையாகிவிடுகிறது. முதலில் நுனியை நேராக ஒரு மடிப்பு மடித்து, அதன்மேல் பக்கவாட்டு மடிப்புகளைக் கொண்டுவந்த பிறகுதான் கூர்மை கிடைத்தது. பதினொரு இதழ்கள் முடிந்தன.

இரவு சந்திர கிரகணம். கிரகண நேரத்தில் ஊசியும் கத்தரியும் கையில் இருக்கக் கூடாது என்று அத்தை சொல்லவே, சாயங்காலத்திலேயே எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இதழ்களை விரைவாக முடிப்பதற்காக, நேற்று ஒரு தாமரையைப் பசை தடவி ஒட்டினேன். காலையில் பார்த்தால் இரவு மழையின் ஈரத்தில் துணி சுருங்கிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பிரித்தெடுக்கும்போது அம்மா சேலையின் ஒரு துண்டு கிழிந்துபோயிற்று. அது இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மதியம் தஞ்சாவூருக்குப் போயிருந்தபோது, தேர் அலங்காரம் தைக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். "ஏம்மா, காத்துல ஆடுற பொருளாச்சே, பசை எப்படித் தாங்கும்? ஆட ஆட நூல்தான் கூடவே வளைஞ்சு குடுக்கும்" என்றார். தொம்பைக்குள் வைக்கும் வளையத்தைப் பற்றிக் கேட்டேன். இரும்புக் கம்பி ஈரத்தில் துருப்பிடித்துத் துணியில் கறையேற்றிவிடும், ஆகவே மூங்கில் சிம்பை ஊறவைத்து வளைத்துக் கட்டுங்கள் என்று சொல்லி, தம்மிடம் இருந்த சிம்புகளில் நான்கை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் துணியை வெட்டித் தைக்கும் தொம்பை ஒரு வகை. இயற்கைச் சாயத்தால் துணியில் எழுதும் கலம்காரித் தொம்பை மற்றொரு வகை. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒடிசாவின் பிப்லியில் பூரி ஜகந்நாதர் கோயிலுக்கென்று வளர்ந்த வெட்டுத் துணி வேலையும் எங்கள் தொம்பையைப் போலத் தேரையும் தெய்வத்தையும் சார்ந்தே பிழைத்து வந்திருக்கிறது. அங்கே விளக்குக் கூடும் குடையுமாக அது வீடுகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் தொம்பையும் அப்படி வீட்டுக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை.

செப்டம்பர் 16, செவ்வாய்

தொங்கல்கள் பதினாறும் முடிந்தன. இரட்டைத் துணியின் நல்ல பக்கங்கள் உட்புறமாக இருக்கும்படி வைத்து மெஷினில் தைத்து, வளைவில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்து, கரண்டிக் காம்பால் திருப்பினால் வளைவு வழுவழுப்பாக விழுகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

கொலு பார்க்க வருகிறவர்கள் உட்கார இரண்டு ஆசனங்கள் தைக்கிறேன். மேலே கண்டாங்கித் துண்டுகளை இணைத்த சதுரம், நடுவில் நான்காக மடித்த பழைய வேட்டி, அடியில் காடா. மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓட்டுத் தையல் போட்டு வந்தால்தான் துணி ஓரிடத்தில் திரளாமல் படிகிறது. பாட்டி, பிறந்த குழந்தைக்குப் பழஞ்சேலை விரிப்பு தைத்தது இதே தையலில்தான். அவர் விரலை அளவாக வைத்துத் தைப்பார். எனக்குச் சாக்கட்டிக் கோடு வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு, மகாளய அமாவாசை

தர்ப்பணமும் சமையலும் முடிந்து, பிற்பகலில் படிகள் கட்டி வெள்ளை வேட்டி விரித்து, கலசத்தையும் மரப்பாச்சிகளையும் வைத்தோம். மூங்கில் வளையங்களை மேலும் கீழும் நுழைத்து மடித்துத் தைத்த பிறகு, அதுவரை தரையில் தட்டையாகக் கிடந்த துணி ஒரே நொடியில் உருண்டு திரண்டு தொம்பையாக நின்றது. மகள் ஸ்டூலில் ஏறி இரண்டையும் கொக்கியில் மாட்டினாள். இடதுபுறத் தொம்பை சற்றே சாய்ந்தது. கயிறு மூன்றும் ஒரே நீளமாக இல்லாததுதான் காரணம். அவிழ்த்து, நூல் கட்டி அளந்து, மறுபடி கட்டினேன். மின்விசிறிக் காற்றில் தொங்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தபோது அத்தை எழுந்து வந்து, அம்மாவின் கண்டாங்கிக் கட்டம் தெரியும் தொங்கலைத் தேடிப் பிடித்து, இரண்டு விரல்களால் தடவிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 24, புதன்

நேற்று மாலை வெற்றிலை பாக்கு வாங்க வந்த எதிர்வீட்டு மாமி, தொம்பையின் ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதழ் அட்டையைத் தூக்கிப் போட்டுடாதே, எனக்கு வேணும்" என்றார். இன்று காலையில் அதைத் தேடியெடுத்து, 16¾ என்ற அளவையும் அதன்மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.