90 நாள் நோட்டீஸ்

2025 ஜூன் 3, செவ்வாய்

தரமணியில் இன்று நடந்த நேர்காணலில் மென்பொருள் டெஸ்டிங் பற்றிய கேள்விகள் நல்லபடியாகவே முடிந்தன. அதன்பிறகு எச்.ஆர். அலுவலர் இரண்டே கேள்விகள் கேட்டார்: எப்போது வந்து சேர முடியும், 2022-இல் ஏன் வேலையில் இல்லை. எனக்கு 90 நாள் நோட்டீஸ், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் 90 நாள் வேலை பார்க்க வேண்டும் என்றதும், "முப்பது நாளில் சேர்கிறவர் கிடைத்தால் அவரைத்தான் எடுப்போம் மேடம்" என்றார்.

ஜூன் 7, சனி

நௌக்ரி என்ற வேலைதேடல் தளத்தில் 15 நாளுக்குள், 1 மாதம், 2 மாதம், 3 மாதம் என்று நோட்டீஸ் காலத்தைக் குறிக்க வேண்டும். ஆள் தேடுவோர் இதை வைத்தே வடிகட்டுவதால், மூன்று மாதம் என்று போட்டவரின் விவரம் பலர் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே, நோட்டீஸ் நாட்கள் குறையட்டும் என்று, கையில் ஆஃபர் இல்லாமலே பலர் ராஜினாமா 'பேப்பர்' போட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் முடிவதற்குள் வேலை அமையாவிட்டால், அதையே அடுத்த நேர்காணலில் 'கேப்' என்று குறையாகக் காட்டுகிறார்கள். இடைவெளியைச் சந்தேகிக்கும் நிறுவனங்களே அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூன் 12, வியாழன்

வழக்கறிஞரான சித்தி மகனிடம் பேசினேன். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தகுந்த காரணத்தோடு நீக்குவதற்கும் முதலாளி ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுத்தால் போதும். நாங்களோ மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். "விருப்பமில்லாதவரை வேலை பார்க்கும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது அக்கா, ஆனால் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் எங்கே போய்ச் சேருவீர்கள்?" என்றான். பழைய நிறுவனம் விடுவித்ததாகத் தரும் அந்தக் கடிதத்தில்தான் பிடி இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இடைவெளி தெரியாமல் தேதிகளை நீட்டிப் போடச் சொல்கிறார்கள் தோழிகள். பி.எஃப். தளத்தில் என் யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணைத் திறந்தால், சேர்ந்த நாளும் விலகிய நாளும் வரிவரியாக நிற்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான். நான் மறைக்கப் போவதில்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, குழாய் வழியே கஞ்சி ஊற்றிய மாதங்கள் அவை. 'தந்தையின் மருத்துவப் பராமரிப்பு' என்று தேதியோடு ரெஸ்யூமில் எழுதிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

சோழிங்கநல்லூர் நிறுவனம் ஒன்று ஆஃபர் கொடுத்திருக்கிறது. அறுபது நாள் காத்திருப்பதாகவும், வேலை பார்க்காத மீதி நோட்டீஸ் நாட்களுக்காக என் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பை-அவுட் தொகையைத் தாங்களே தருவதாகவும் சொல்கிறார்கள். ஆனால் பணம் கட்டினாலும் முன்கூட்டி விடுவிப்பது மேலாளரின் விருப்பம் என்று என் நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. நாளை ராஜினாமாக் கடிதத்துடனேயே, விடுவிக்கும் தேதியை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தும்படி அவரிடம் கேட்கப் போகிறேன்.