பெரியம்மாவின் சந்தேகப் பட்டியல்

கொலைக் கதை எது வந்தாலும் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். அவருக்கு முட்டி வலி, படியேறினால் மூச்சு வாங்கும், ஆனாலும் எவன் செத்தான் எவன் கொன்றான் என்கிற மாதிரிப் படம் என்றால் மட்டும் மத்தியானமே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பி நிற்பார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் 28 வருஷம் வேலை பார்த்தவர். எந்தப் பெண் வாங்குவாள், எவள் 40 புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு 'வீட்டுல கேட்டுட்டு வர்றேன்' என்று எழுந்து போவாள் என்பதை அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாராம். அந்தத் தெம்பில்தான் தியேட்டருக்கும் வருவார்.

தியேட்டரில் அவர் கணக்கு வேறு. "தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு வந்து, ரெண்டே சீன்ல 'டீ சாப்பிடுறீங்களா சார்'னு கேட்டுட்டுப் போச்சுன்னா, அவன்தான்டா கொலைகாரன். சும்மாவா காசு குடுத்துக் கூட்டினு வந்திருப்பான்?" பாதிப் படங்களில் இது பலித்துவிடும், அதுதான் கொடுமை. இன்டர்வெல்லில் எண்ணெய் சொட்டச் சொட்ட முட்டை போண்டாவை வைத்துக்கொண்டு அவர் தீர்ப்பு சொல்லும்போது முன்வரிசைப் பையன்கள் திரும்பி முறைப்பார்கள்.

2018 அக்டோபரில் அந்தக் கணக்கு உடைந்தது. படம் 'ராட்சசன்'. பாதியில் ஒரு வாத்தியாரைக் காட்டினார்கள். இவன்தான் என்று பெரியம்மா முடித்துவிட்டார், நானும் முடித்துவிட்டேன், தியேட்டரே முடித்துவிட்டது. அந்த ஆள் அயோக்கியன்தான், ஆனால் தேடுகிற ஆள் அவன் இல்லை. கடைசியில் வருகிற கொலைகாரனுக்கோ போட்டிருந்த மேக்கப்பில் நடித்தது யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பெரியம்மாவின் கணக்குக்குத் தெரிந்த மூஞ்சி வேண்டுமே! "இது அழுகுணி ஆட்டம்டா" என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் காசிமேட்டு நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார். "அந்தப் பொம்மைத் தலைய மொதல்லயே காட்டிட்டான் இல்ல? ஏன் பொம்மைன்னு நாமதான் யோசிக்கல." அப்புறம் மறுபடி ஆய ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் ஒரு ட்விஸ்ட் நல்லதா கெட்டதா என்பது தியேட்டர் விசிலில் தெரியாது, மறுநாள் மீன் ஆயும்போதுதான் தெரியும். விசில் எதற்கு வேண்டுமானாலும் வரும், பின்னணி இசையைக் கூட்டி வைத்தால் போதும். ஆனால் பார்த்த ஆள் அடுத்த நாள் தானாகவே படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்து, 'அட, அங்கேயே இருந்துச்சே' என்று தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஓட்டிப் பார்க்கும்போது முன்னால் காட்டியதே பொய், டைரக்டர் நம்மை ஏமாற்றத்தான் அந்த ஃபிளாஷ்பேக்கையே வைத்தார் என்று தெரிந்தால் அது உண்மையிலேயே அழுகுணி ஆட்டம்.

தியேட்டரில் அந்த நொடி எப்படி இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் சத்தமே வராது. அதுவரைக்கும் தலைக்குத் தலை பேசிக்கொண்டிருந்த எங்கள் ஏரியாக் கூட்டம், குழந்தை அழுகை, சிப்ஸ் பாக்கெட் சரசரப்பு எல்லாம் சேர்ந்து அப்படியே அடங்கி, மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கும். பிறகு எங்கேயோ ஒருத்தன் 'டேய்...' என்று இழுப்பான். அவனுக்காகவே காத்திருந்த மாதிரி மொத்தப் பேரும் கத்துவார்கள். கத்தலுக்குப் பின்னால், கண்டிப்பாக, 'நான் அப்பவே சொன்னேன் மச்சான்' வரும். சொல்லியிருக்கவே மாட்டான். ஏமாந்ததை ஒத்துக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்?

அதே 2018 அக்டோபரில்தான் 'வட சென்னை'யும் வந்தது. எங்கள் ஊர் படம் என்பதால் முதல் அரைமணி நேரம் யாரும் கதையைப் பார்க்கவில்லை, 'எங்க ஏரியாவா உங்க ஏரியாவா, நாங்க இப்படியா பேசுறோம்' என்று பஞ்சாயத்துதான் நடந்தது. (இப்படியா பேசுகிறோம் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. கெட்ட வார்த்தை அவ்வளவு இல்லை என்று பெரியம்மா, இருக்கிறது என்று நான்.) படம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது, அதனால் சொல்கிறேன்: ராஜனைக் கொன்றவர்களில் ஒருவனான குணாவையே ராஜனின் மனைவி சந்திரா ஏன் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது தெரிய வருகிற இடம். அதுவரை விசிலடித்த ஆண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், ஒரே ஒரு 'அக்கா!', அதற்கப்புறம் பெண்கள் பக்கமெல்லாம் கைதட்டல். பெரியம்மா தட்டவில்லை. அவருக்கு முன்பே தெரியுமாம். "சிரிக்கிறா, பேசுறா, ஆனா எதையும் கையில எடுத்துப் பாக்க மாட்டேங்கிறா. கடைக்கு அப்படி வர்றவதான்டா கடைசியில பெருசா வாங்கினு போவா." அன்றைக்கு நடிகர் கணக்கு இல்லை, புடவைக் கடைக் கணக்கு. அதை நான் இன்றைக்கு வரைக்கும் நம்புகிறேன்.

ஆனால் அவரையே கவிழ்த்த படம் வேறு, 'புதிய பறவை'. 1964 படம். அது வந்தபோது பெரியம்மா குழந்தை, பார்த்தது பல வருஷம் கழித்து, தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் மறுபடி போட்டபோது. (1967இல் திறந்த அந்த தியேட்டரை 2020இல் மூடிவிட்டார்கள். டி.எச். ரோட்டில் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் தலை தானாகத் திரும்புகிறது.) இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சிவாஜி கொலை செய்தாரா இல்லையா என்று தவித்துக்கொண்டே போய், அவர் வாயாலேயே உண்மையைக் கொட்டிய பிறகுதான், காதலியாக வந்த சரோஜாதேவி போலீஸ் என்று தெரிகிறது. கதாநாயகியை யார் சந்தேகப்படுவார்கள், அதுவும் சரோஜாதேவியை! "அடிப்பாவின்னு கத்திட்டேன்டா. பக்கத்துல இருந்த அம்மா அழுதுகினே என் கையப் புடிச்சிக்கிச்சு. அவங்க யாருன்னே தெரியாது." கொலைகாரன் பிடிபட்டதற்குச் சந்தோஷப்பட வேண்டிய கூட்டம், பிடித்தவளைத் திட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இந்த மாதிரி ட்விஸ்ட்டில் யார் என்ற கேள்வியே பெரிதில்லை, இவ்வளவு நேரம் நாம் எவன் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் சுடும்.

1960இல் 'சைக்கோ' வந்தபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் டைரக்டர் ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டாராம். இங்கே அதைச் செய்தால் பாதி சீட் காலியாகத்தான் கிடக்கும். 20 நிமிஷம் கழித்து செல்போன் டார்ச்சோடு வந்து, நம் காலை மிதித்து உட்கார்ந்து, 'பாஸ், யாரு செத்தது?' என்று கேட்பான். அவனுக்கும் யாராவது பொறுமையாகச் சொல்வார்கள், அதுவும் எங்கள் ஊர்தான்.

என் தீராத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. 'துருவங்கள் பதினாறு' பார்க்கப் போயிருந்தேன், 2016 டிசம்பர் கடைசியில் வந்த படம். முடிச்சு அவிழ்வதே கடைசிச் சில நிமிஷங்களில்தான். சரியாக அந்த நேரத்தில் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த காட்சிக்குக் கூட்டம் நிற்கிறதாம். வெயில் திரையில் அடிக்கிறது, ஷேர் ஆட்டோ ஹாரன் கேட்கிறது, பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், மீதிப் பேர் 'உக்காருங்கடா' என்கிறார்கள். யார் சுட்டது என்பதை வாசலில் சைக்கிள் எடுக்க வந்த ஒரு பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த தியேட்டர் பெயர் வேண்டாம், அங்கே பார்க்கிங் நல்லா இருக்கும்.

2024இல் 'மகாராஜா'வுக்கும் போனோம். அதில் ஆளை ஒளித்து வைக்கவில்லை, காலத்தைக் கலைத்துப் போட்டு ஒளித்தார்கள். அதற்குப் பெரியம்மாவிடம் கணக்கே இல்லை. முடிச்சு அவிழ்ந்தபோது விசில் வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த தடித்த ஆள் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஷேர் ஆட்டோவில் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "அந்தப் பொண்ணு பாவம்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

இப்போது முட்டி வலி அதிகமாகி வீட்டு டிவியில்தான் எல்லாம். சரியான இடத்தில் குக்கர் விசிலடிக்கும், 'நிறுத்துடா' என்பார், ரிமோட்டால் நிறுத்தினால் ட்விஸ்ட் பாதியில் அந்தரத்தில் தொங்கும். திரும்பி வந்ததும் அவர் சந்தேகப் பட்டியலை முழுசாக ஒப்பிப்பார். போன வாரம் ஒரு மலையாளப் படம். முடிந்ததும், "பாத்தியா, இவன நான்தான் மொதல்ல சொன்னேன்" என்றார். உண்மைதான், சொன்னார். போலீஸைச் சொன்னார், டாக்டரைச் சொன்னார், மாமியாரைச் சொன்னார், பால்காரரையும் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டது அந்த வீட்டு நாயை மட்டும்தான்.